தண்டனை முடிந்த பின்பும் தண்டிக்கப்பட்டவர்

யூபிலி மலரில் புனிதர் ஒருவருடைய சரிதையை எதிர்பார்ப்பது பங்கு மக்களின் வழக்கம். இம்முறை நம் திருமறையைச் சேராத ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். காரணம் உண்டு. சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் சிறையிலிருந்து திரும்பி வந்தவரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதை அதிகம் எண்ணுவதில்லை. அதை எண்ண வைக்கும் வாழ்வு ஒன்று நம் திண்டுக்கல் சீமையிலேயே தோன்றியது.

வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் இறங்குவோர் அங்கே தியாகி சுப்பிரமணிய சிவாவின் பெயரைக் கண்டிருப்பர். கொடைக்கானல் மலையடிவாரத்து அவ்வூர், பி.ஆர். ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா போன்ற எழுத்தாளர்களையும் தந்த ஊர். அங்கே 1884 அக்டோபர் 4-ஆம் நாள் சிவா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுப்பராமன். வறுமை மிகுந்த குடும்பம். மதுரையிலும் பின்னர் திருவனந்தபுரத்திலும் படித்தார். உத்தியோகம் எதுவும் நிலைக்கவில்லை. வாய்த்தது நாவன்மையே. அந்த நாவே அவரைச் சிறைக்கு அனுப்பிற்று.

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையோடு சேர்ந்தார். அங்கே கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்கள் பக்கம் நின்றனர். கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்கப்பட்டது. ஞாயிறு ஓய்வை நாம் திருச்சபையின் கட்டளையாக அறிவோம். அந்த ஏழைகளோ அதைப் போராடியே பெற வேண்டியிருந்தது. போராட்டம் வென்றது. ஆட்சியாளரின் கோபமும் மூண்டது. மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது.

ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல். வ.உ.சி.க்கு அதே குற்றத்துக்கு இருபது ஆண்டு; சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மேலும் இருபது ஆண்டு. மேல்முறையீட்டில் இத்தண்டனைகள் ஆறு ஆண்டுகளாகக் குறைந்தன. தீர்ப்பு நாளில் சிவாவுக்கு வயது இருபத்து மூன்று.

அந்நாளில் அரசியல் கைதி என்று தனி வகுப்பு இல்லை. மேடையில் பேசியவரும் கொள்ளையடித்தவரும் ஒரே கஞ்சி குடித்து ஒரே கடின வேலை செய்தனர். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்ததை நாம் அனைவரும் அறிவோம். சிவாவின் சிறைவாசத்தை அத்தனை பேர் அறியார். திருச்சியிலும் சேலத்திலும் அடைபட்டிருந்த அக்காலத்தில் அவருக்குத் தொழுநோய் கண்டது.

அந்நோயின் கிருமியை நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டறிந்திருந்தார். குணமாக்கும் மருந்துதான் அன்று இல்லை. கிருமி உடலுள் புகுந்து வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். நெருக்கடியான இடமும் போதாத உணவும் உள்ள உடல் அதற்கு எளிதில் இடங்கொடுக்கும். வெளியில் இருப்பவன் நோய் கண்டால் வைத்தியரைத் தேடிப் போவான். பூட்டுக்குள் இருப்பவன் எங்கே போவான்? சாவியை எவர் வைத்திருக்கிறாரோ, அவ்வுடலைக் காக்கும் பொறுப்பும் அவருடையதே என்பது நம் கருத்து.

1912 நவம்பர் 2-ஆம் நாள் அவர் விடுதலையானார். சட்டத்தின் கணக்குப்படி எல்லாம் தீர்ந்தது. ஆனால் நோயைக் காரணங்காட்டி அவர் இரயிலில் ஏறக் கூடாதென அரசு பின்னர் தடுத்தது. பின்ஹேயின் தீர்ப்பில் இப்படி ஒரு தண்டனை இல்லை. இதற்குக் கால எல்லையும் இல்லை. சிறையில் பிடித்த நோய்க்கு அந்தச் சிறையை நடத்திய அரசே விதித்த அபராதம் இது! சிவாவோ வீட்டில் முடங்கவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். புண்பட்ட கால்களுக்கு ஒவ்வொரு மைலும் எப்படி இருந்திருக்கும் என்பதை, தொழுநோயாளரைப் பராமரிக்கும் நம் கன்னியர் நன்கு அறிவர்.

சென்னையில் 1913-இல் 'ஞானபானு' என்னும் இதழைத் தொடங்கினார். பாரதியாரும் வ.உ.சி.யும் அதில் எழுதினர். 1915-இல் துணைவியார் மீனாட்சி அம்மாள் காலமானார். 1921-இல் அரசு அவரை மறுபடியும் சிறைக்கு அனுப்பி, நோய் முற்றியது கண்டு தண்டனைக் காலம் முடியுமுன் விட்டுவிட்டது.

அதே 1912-இன் இறுதியில் வெளிவந்த வ.உ.சி.யின் நிலையும் வேறல்ல. கப்பல் கம்பெனி போயிற்று. வக்கீல் தொழில் நடத்தும் உரிமையும் போயிற்று. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து பிழைத்தார். பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அவ்வுரிமையை மீட்டுத் தந்தார். அந்நன்றி மறவாமல் வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். திரும்பி வந்தவனுக்கு ஒருவர் கதவைத் திறந்தால் அது எத்தனை பெரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இன்று சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. சிறைக்குள் நுழைவதால் ஒருவர் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாதென 2024-இல் கூறிற்று. தொழுநோய்க்கு 1980-களிலிருந்து முழுக் குணம் தரும் கூட்டு மருந்து உண்டு. நோயாளரை ஒதுக்கி அடைக்க வழி செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016-இல் நீக்கப்பட்டது.

சட்டம் வந்த தூரம் நாம் வந்தோமா? சிறை சென்றவர் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறோம். வாடகைக்கு வீடு கேட்டால் வேறிடம் பார்க்கச் சொல்கிறோம். ஞாயிறு பூசைக்கு வந்தாலும் அவர் வாசலருகே நின்றுவிட்டு முதல் ஆளாய்ப் போய்விடுகிறார். அவரை எந்த அரசு இரயிலிலிருந்து இறக்கியது?

சிவாவுக்கு இடங்கொடுத்தது தர்மபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டி. அங்குள்ள நண்பர்களின் துணையோடு நிலம் வாங்கி, பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப முனைந்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். சுவர் எழவில்லை. பணம் திரட்ட அலைந்த சிவா, 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். 23-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார், வயது நாற்பது. அவர் விரும்பிய பாரத மாதாவுக்குத் தமிழக அரசு எழுப்பிய நினைவாலயம் 2021-இல் அவ்வூரில் திறக்கப்பட்டது.