ஐயத்திற்கு இரையான அறிஞர்

1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் இங்கிலாந்தில் ஓர் அதிசயக் குழந்தை பிறந்தது. தாயின் உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் கருவாகி, பிறகு தாயின் கருப்பையில் வளர்ந்து வெளிவந்த முதற் குழந்தை அது. உலகம் வியந்தது. சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், நம் நாட்டுக் கல்கத்தா நகரில் இன்னொரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. நாடு வியக்கவில்லை, நகைத்தது. அந்த நகைப்புக்கு ஆளானவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி.

இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஹசாரிபாகில் 1931 ஜனவரி 16ஆம் நாள் அவர் பிறந்தார். கல்கத்தாவில் உடலியலும் மருத்துவமும் கற்று, 1955இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இனப்பெருக்க உடலியலில் ஆராய்ந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் எடின்பரோ சென்று, ஹார்மோன்களை அளந்தறிவதில் வல்லவரான ஜான் லோரெயினிடம் பயின்று இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றார். 1967இல் தாயகம் திரும்பி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

அவர் செய்தது என்ன என்பதை உணர, உடலின் ஒழுங்கைச் சிறிது அறிதல் வேண்டும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி, கருவகத்தைத் தூண்டும் ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. அத்தூண்டலால் கருவகத்தில் மாதம் ஒரு முட்டை முதிர்கிறது. முதிரும்போதே கருவகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து பிட்யூட்டரியை அடக்குகிறது. மற்ற முட்டைகள் வளர்ச்சி குன்றி ஒழிகின்றன. முட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன், கருவை ஏற்கும் மெத்தையாகக் கருப்பையின் உட்சுவரைப் பக்குவப்படுத்துகிறது. முட்டைக்கும் மெத்தைக்கும் காலம் ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திராவிடில் கரு தங்காது.

இங்கிலாந்து அறிஞர்களான ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் இயற்கையாக முதிரும் அந்த ஒற்றை முட்டைக்காகக் காத்திருந்தே வெற்றி கண்டனர். முகர்ஜி வேறு வழி சென்றார். மாதவிடாய் நின்ற மகளிரின் கருவகம் ஓய்ந்துவிடுவதால், அடக்குவார் இன்றிப் பிட்யூட்டரி ஓயாது சுரக்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரில் மிகுதியாக வெளியேறுகிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைச் செலுத்தி, ஒரே மாதத்தில் பல முட்டைகளை அவர் முதிரச் செய்தார். ஆனால் பல முட்டைகள் முதிர்ந்தால் ஈஸ்ட்ரோஜனும் அளவு மீறுகிறது. கருப்பையின் பக்குவம் கெடுகிறது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

முட்டையின் காலத்தையும் கருப்பையின் காலத்தையும் பிரித்துவிடு என்பதே அவர் கண்ட விடை. கருவை உறையவைத்துக் காத்திருந்து, உடல் தன் இயல்பு நிலைக்குத் திரும்பிய வேறொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். கருவை உறையவைக்கும் பொறுப்பு சுனித் முகர்ஜியுடையது. மகப்பேற்று மருத்துவம் சரோஜ்காந்தி பட்டாச்சாரியாருடையது. மூவரும் குறைந்த கருவிகளை வைத்துக்கொண்டே இதனைச் சாதித்தனர். துர்க்கா பூசை நெருங்கிய வேளை. குழந்தைக்குத் துர்க்கை என்ற பெயர் வழங்கலாயிற்று.

நம்புவதற்கு அரியது என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. பெற்றோர் பெயரை வெளியிட விரும்பவில்லை. முழு விவரமும் அடங்கிய ஆய்வுக் கட்டுரையும் அப்போது வரவில்லை. ஐயுறுதல் விஞ்ஞானத்தின் உரிமை, கடமையும்கூட. ஆனால் நடந்தது என்ன? மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் ஒரு குழு அமைத்தது. மனிதக் கருவை வெளியே வளர்த்துப் பழகியவர் ஒருவரும் அதில் இல்லை. குழு அவர் கூற்றைப் பொய்யென்று தள்ளியது. 1979இல் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. சென்று உலக அறிஞர்முன் தம் ஆய்வை விளக்க அரசு அனுமதி மறுத்தது. சான்று எங்கே என்று கேட்டவர்களே சான்று காட்டும் வாயிலையும் அடைத்தார்கள்! 1981இல் அவரைக் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றினர். ஹார்மோன் ஆராய்ச்சியாளருக்குக் கண் மருத்துவமனையில் என்ன வேலை? இதய நோயால் முன்னரே தளர்ந்திருந்த அவர், அவ்வாண்டிலேயே, ஐம்பதாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. 1986 ஆகஸ்ட் 6ஆம் நாள் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடிற்று. அச்சாதனைக்குரிய விஞ்ஞானிகளுள் ஒருவர் டாக்டர் ஆனந்தகுமார். 1997இல் கல்கத்தா சென்றிருந்தபோது முகர்ஜியின் ஆய்வுக் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. படித்தார், உண்மையை உணர்ந்தார். மூடி வைத்திருந்தால் முதல்வர் என்ற பெயர் அவருக்கே நிலைத்திருக்கும். அவரோ, முதல்வர் முகர்ஜியே என்று அவ்வாண்டிலேயே ஓர் ஆய்விதழில் எழுதி வெளியிட்டார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அவர் பணியை ஏற்றுக்கொண்டது. துர்க்கை என்று அழைக்கப்பட்ட குழந்தையும் வளர்ந்து, தாமே பொதுமக்கள் முன் வந்து நின்றார்.

ஹார்மோன் ஊட்டிப் பல முட்டைகளைப் பெறுதல், கருவை உறையவைத்தல், பிறிதொரு மாதத்தில் கருப்பையில் வைத்தல் என்னும் இவை இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கின்றன. மகப்பேறின்றி வாடிய எத்தனையோ இல்லங்களில் மழலை ஒலிக்கிறது.

நண்பர்களே! நாளை நம்மிற் சிலர் ஆராய்ச்சியாளர் ஆவோம். சிலர் பிறர் ஆராய்ச்சியைத் தீர்ப்பிடும் குழுக்களில் அமர்வோம். ஆராய்பவர் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கட்டும். முகர்ஜியை மீட்டவை அவர் எழுதி வைத்த குறிப்புகளே. தீர்ப்பிடுபவர் ஐயுறட்டும், கேள்வி கேட்கட்டும். விடை சொல்ல வருபவனுக்குக் கதவை மட்டும் அடைக்காதிருக்கட்டும். தம் புகழைவிட உண்மையைப் பெரிதென மதித்த ஆனந்தகுமாரின் நெஞ்சம் இரு சாராருக்கும் வாய்க்கட்டும்.