மின்தடையை அளந்த ஆசிரியர்

ஓம் என்னும் ஒலியைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் பிரணவமே தோன்றும். மின்சாரம் பயிலும் மாணவனுக்கோ அது மின்தடையை அளக்கும் அலகின் பெயர். அதற்கும் முன்னே ஒரு மனிதரின் பெயர். பூட்டுச் செய்யும் கொல்லரின் மகனாய்ப் பிறந்து, பிழைப்பின் பொருட்டு ஊர் ஊராய்ச் சென்று பாடம் சொன்ன அப்பெரியாரின் வரலாறு, பிறந்த மண்ணை விட்டுப் புனே நகரில் வாழும் நமக்கு அயலானதன்று.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், இன்று ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். பத்து வயதில் தாயை இழந்தார். தந்தையார் முறையான கல்வி பெற்றவரல்லர்; ஆயினும் தாமே முயன்று கணிதம் கற்று, அதனைத் தம் மக்களுக்குத் தம் வாயாலேயே ஊட்டினார். இளைய மகன் மார்ட்டினும் பின்னாளில் கணித அறிஞராய் விளங்கினார்.

1805இல் பல்கலைக்கழகம் புகுந்த ஓம், இளமையின் மயக்கத்தால் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினார். தந்தை சினந்தார், படிப்பு நின்றது. 1806இல் சுவிட்சர்லாந்து சென்று கணித ஆசிரியராய்ப் பணியாற்றிய அவர், தனிமையில் அரிய நூல்களைக் கற்றுத் தேறி, 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் வந்தும் வறுமை நீங்கவில்லை. பாம்பெர்க் நகரப் பள்ளியில் சில ஆண்டுகள் உழன்றபின், 1817இல் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் அமர்ந்தார். அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதுவே அவர் வாழ்வின் திருப்பம்.

1820இல் மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதை டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட் கண்டறிந்தார். ஊசியின் அசைவைக் கொண்டு மின்னோட்டத்தையே அளக்கலாம் என ஓம் துணிந்தார். ஆனால் அக்கால மின்கலங்களின் ஆற்றல் நொடிக்கு நொடி குன்றியது. அறிஞர் போகென்டார்ஃபின் அறிவுரைப்படி, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தம் பெற்றார். பின்னர் ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாய் இணைத்துப் பொறுமையோடு அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைந்தது. அக்குறைவு ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருந்தது.

அவர் கண்ட விதி இதுவே: கம்பியின் வெப்பநிலை மாறாதிருக்குமாயின், மின்னழுத்தம் எத்தனை மடங்கு உயருமோ அத்தனை மடங்கு மின்னோட்டமும் உயரும். ஆகவே அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். நம் இல்லத்து இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் ஓட்டத்தை ஏற்குமாயின், அதன் தடை 46 ஓம். அவ்விரு எண்களையும் பெருக்கினால் 1,150 வாட். அதுவே அது கொள்ளும் மின்திறன். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த சிறுவன் அரை நிமிடத்தில் முடிக்கும் கணக்கு இது.

இத்துணை எளிய உண்மை அதனைக் கண்டவருக்கு என்ன தந்தது? பாதிச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்று, பெர்லின் சென்று, 1827இல் தம் நூலை வெளியிட்டார் ஓம். பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என நம்பினார். இயற்கையைக் கணிதத்தால் அளக்கலாகாது என்று எண்ணிய அறிஞர் சிலர் அந்நூலை வெறுங்கற்பனை என இகழ்ந்தனர். ஏனையோர் பாராமுகமாய் இருந்தனர். மனம் நொந்த ஓம் கொலோன் வேலையைத் துறந்தார். ஏறத்தாழ ஆறாண்டுகள் நிலையான பதவியின்றிப் பெர்லினில் சிறு ஊதியத்துக்குக் கணிதம் கற்பித்தார். 1833இல்தான் நூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் பணி கிடைத்தது.

காலம் மெல்லத் திரும்பியது. 1841இல் இலண்டன் ராயல் சங்கம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. அதே ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப அமையும் என நிறுவினார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஓம் இயற்பியல் பேராசிரியரானது 1852இல். அப்போது அவருக்கு வயது 63. இளமையில் விரும்பிய அப்பதவியில் இரண்டாண்டுகளே இருந்து, 1854 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார். மணம் புரியாமலே வாழ்ந்தவர். 1881இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

அப்பெயரின் பயனை நாம் மும்பைக்குப் புகைவண்டியில் செல்லும்போதே காணலாம். லோணாவளாவை அடுத்த மலை ஏரிகளின் நீர், ஏறத்தாழ 1,700 அடி கீழே கோபோலிக்கு இறங்கி, டாட்டா நிறுவனத்தாரின் நிலையத்தில் 1915 முதல் மின்சாரமாய் மாறிவருகிறது. அதனை மும்பை ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தைத் தேர்ந்தனர். ஏன்? அழுத்தம் பத்து மடங்கானால் அதே திறனைக் கொண்டுசெல்லப் பத்தில் ஒரு பங்கு ஓட்டம் போதும். கம்பியில் வெப்பமாய் வீணாவது நூற்றில் ஒரு பங்காய்ச் சுருங்கும். ஓமும் ஜூலும் காட்டிய கணக்கு இன்றேல், மலையின் ஆற்றல் பாதி வழியிலேயே கரைந்திருக்கும்.

நம் பிள்ளைகள் ஓம் விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர், அது வேண்டுவதே. அத்துடன், பகல் முழுதும் உழைத்தபின் மகனை அருகிருத்திக் கணிதம் சொன்ன அக்கொல்லரையும், புகழும் பதவியும் மறுக்கப்பட்டபோதும் தாம் அளந்ததை மாற்றிச் சொல்லாத அவ்வாசிரியரையும் அவர்களுக்கு அறிமுகம் செய்வோமாக.