மின்னல் குதிரை ஃபார் லாப்

குட்டீஸ்! பார்க்க நன்றாக இல்லை என்று சொந்த முதலாளியே ஒதுக்கிய ஒரு குதிரை, ஒரு நாட்டுக்கே செல்லப்பிள்ளையான கதை தெரியுமா? அதன் பெயர் ஃபார் லாப். தாய்லாந்து மொழியில் மின்னல் என்று பொருள்.

1926 அக்டோபர் 4-ம் தேதி நியூசிலாந்தில் திமாரு நகருக்கு அருகே இந்தக் குதிரை பிறந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த ஹாரி டெல்ஃபோர்டு என்ற ஏழைப் பயிற்சியாளர், இதன் பரம்பரை பற்றிப் படித்தார். டேவிட் டேவிஸ் என்ற வியாபாரியிடம் சொல்லி, அந்தக் காலப் பணத்தில் 160 கினிக்கு வாங்க வைத்தார்.

கப்பலில் சிட்னிக்கு வந்த குதிரையைப் பார்த்ததும் டேவிஸுக்குக் கடும் கோபம். ஒல்லி உடம்பு, முகத்தில் மரு, கோணல் நடை! பயிற்சிக்குப் பணம் தர மறுத்துவிட்டார். டெல்ஃபோர்டு மனம் தளரவில்லை. மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, தன் செலவிலேயே பழக்கினார்.

முதல் பந்தயத்தில் கடைசி இடம். அடுத்த மூன்றிலும் தோல்வி. 1929 ஏப்ரலில், ஐந்தாவது பந்தயத்தில்தான் முதல் வெற்றி கிடைத்தது. பிறகு வெற்றி மேல் வெற்றி! மக்கள் வேலையின்றி வாடிய அந்தக் காலத்தில், ஃபார் லாப் ஓடுவதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அதைக் கவனித்துக்கொண்டவர் டாமி உட்காக். ஃபார் லாப்புக்கு அவர் வைத்த செல்லப் பெயர் பாபி. 1930 நவம்பர் 1-ம் தேதி காலை, காரில் வந்த யாரோ ஃபார் லாப்பை நோக்கிச் சுட்டார்கள். உட்காக் அதைக் காப்பாற்றினார். அன்று பிற்பகலே ஒரு பந்தயத்தில் ஜெயித்தது. மூன்றே நாளில் புகழ்பெற்ற மெல்போர்ன் கோப்பையையும் வென்றது!

இந்தக் கோப்பைப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. நன்றாக ஓடும் குதிரை அதிக எடை சுமக்க வேண்டும். அதற்காகச் சேணத்தில் ஈயத் துண்டுகளை வைப்பார்கள். 1931-ல் அதே கோப்பைக்கு ஃபார் லாப் சுமந்தது 68 கிலோ. பாவம், எட்டாவதாகத்தான் வர முடிந்தது.

1932 மார்ச் 20-ம் தேதி மெக்சிகோவில் நடந்த பெரிய பந்தயம். குளம்பில் காயம் இருந்தும் ஃபார் லாப்தான் முதலில் வந்தது. ஆனால், ஏப்ரல் 5-ம் தேதி கலிபோர்னியாவில் திடீரென நோயுற்று, உட்காக் அருகில் இருக்கும்போதே உயிரை விட்டது. சாகும் முன் அதன் உடலில் ஆர்சனிக் என்ற விஷம் நிறையச் சேர்ந்திருந்ததை, 2008-ல் பிடரி மயிரைச் சோதித்த விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

ஓடிய 51 பந்தயங்களில் 37 வெற்றி! அதன் பதப்படுத்திய உடல் மெல்போர்னிலும், எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனிலும், 6.2 கிலோ எடையுள்ள இதயம் கான்பெராவிலும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

முகத்து மருவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய இதயம் தெரியவில்லை. இனி யாரையாவது தோற்றத்தை வைத்து எடைபோடத் தோன்றினால், ஃபார் லாப்பை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டீஸ்!