மல்லையதாசர் பெற்ற மகன்

மனிதன் இவ்வுலகில் எய்தும் பேறுகளுள் நன்மக்களைப் பெறும் பேற்றுக்கு நிகரானது பிறிதொன்றில்லை என்பது சான்றோர் துணிபு. மகன் பெரும்பொருள் ஈட்டினால் அவன் வீடு மகிழ்கின்றது. மகன் ஊருக்கும் இறைவனுக்கும் தொண்டனாக நின்றாலோ, ஊரே அவனைத் தன் பிள்ளையென்று கொண்டாடுகின்றது. ஈன்றோர்க்கு இதனினும் சிறந்த பெருமிதம் உண்டோ? இப்பெருமிதத்துக்கு உரியவராய் நம் காலத்துக்கு அணித்தே வாழ்ந்தவர் காங்கேயநல்லூர் மல்லையதாசர். அவர் பெற்ற மகனே திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள்.

வேலூர் மாவட்டத்தில், காட்பாடிக்கு அண்மையில், பாலாற்றங்கரையில் விளங்குவது காங்கேயநல்லூர். அவ்வூரில் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், மல்லையதாசருக்கும் கனகவல்லி அம்மையாருக்கும் வாரியார் சுவாமிகள் தோன்றினார். கிருபை என்பது கருணை; ஆனந்தம் என்பது இன்பம்; வாரி என்பது கடல். கருணை இன்பக் கடல் எனப் பொருள்படும் இப்பெயர் பிற்காலத்தில் முற்றும் பொருத்தமாயிற்று.

மல்லையதாசர் இசையும் இலக்கியமும் புராணங்களும் பயின்ற பெரியார். அவர் தம் மைந்தரைப் பள்ளிக்கு அனுப்பினாரல்லர். தாமே ஆசிரியராக அமர்ந்து கற்பித்தார். பள்ளிச் சான்றும் உத்தியோகமுமே வாழ்வுக்கு வழி எனப் பலரும் எண்ணத் தொடங்கிய காலம் அது. மகனுடைய எதிர்காலம் முழுவதையும் தமிழையும் முருகன் திருவருளையும் நம்பி ஒப்படைப்பதென்றால், அத்தந்தையின் உள்ளம் எத்துணை உறுதி பெற்றிருத்தல் வேண்டும்! தாம் தேடிய கல்விச் செல்வத்தையும் தம் பொழுதையும் அவர் மகனுக்கே வழங்கினார். அவையில் மகனை முன்நிற்கச் செய்வதே தந்தையின் கடன் என வள்ளுவப் பெருமான் வகுத்த நெறியை அவர் தம் இல்லத்திலேயே நடத்திக் காட்டினார்.

வித்து வீண்போகவில்லை. மைந்தர் எட்டு வயதில் கவிபாடும் ஆற்றல் பெற்றார். பன்னிரண்டு வயதுக்குள் பதினாயிரம் பாடல்களை நெஞ்சில் பதித்துக்கொண்டார். பதினெட்டாம் வயதில் மேடையேறிச் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். தந்தையின் உள்ளம் அப்பொழுது எய்திய உவகை எத்தகையது என்பதை மக்களைப் பெற்றோர் தாமே உணர்வர். பின்னர்ச் சென்னையில் வரதாசாரியாரிடம் வீணையும் பயின்று, இசையும் உரையும் இணைந்த கதாப்பிரசங்கத்தில் சுவாமிகள் தமக்கு நிகரின்றி விளங்கினார். கந்தபுராணமும் பெரியபுராணமும் இராமாயணமும் பாரதமும் அவர் திருவாக்கால் எளிய மக்களின் செவிக்கு விருந்தாயின. 1936இல் ‘திருப்புகழ் அமிர்தம்’ என்னும் திங்கள் இதழைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார்.

சொல்லால் வந்த பொருளைச் சுவாமிகள் தமக்கென வைத்துக்கொண்டாரல்லர். வயலூர் முருகன் திருக்கோயில் திருப்பணியும், வடலூர் சத்திய ஞானசபைத் திருப்பணியும், பிறந்த ஊராகிய காங்கேயநல்லூர்த் திருக்கோயில் திருப்பணியும் அவர் தொண்டுக்குச் சான்றாக நிற்கின்றன.

ஒன்றை மட்டும் இங்கே சிறப்பாக நினைத்தல் தகும். சுவாமிகளின் சொற்பொழிவுகளில் சிறுவர் சிறுமியர் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். கதையின் நடுவே அவர் அவர்களிடம் வினாக்கள் தொடுப்பார்; விடை கூறிய பிள்ளைக்குப் பரிசளித்து மகிழ்விப்பார். ஒரு தந்தை தம் இல்லத்தில் ஒரு மகனுக்கு ஊட்டிய அமுதத்தை, அம்மகன் ஊர்தோறும் பிறர் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டினார். தந்தைக்குச் செலுத்தும் கைம்மாறு இதனினும் வேறு உண்டோ?

1993ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், இலண்டன் சென்று தாயகம் திரும்புகையில், விமானத்திலேயே சுவாமிகள் முருகன் திருவடி சேர்ந்தார். நமக்கு அணித்தேயுள்ள திருத்தணிகைக்கு நேராக வான்வழி வருகையில் அவர் உயிர் பிரிந்தது என்று அடியார்கள் உருக்கத்தோடு கூறுவர்.

பொதட்டூர்பேட்டை தறியொலி ஓயாத ஊர். இழை இழையாகக் கோத்தாலன்றி ஆடை உருவாகாது என்பதை நம்மவர்க்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரு பாடல், ஒரு கதை, ஒரு நற்சொல் எனக் கோத்தே மல்லையதாசரும் தம் மகனை உருவாக்கினார். திருப்பணிக்கு வாரி வழங்கிய அன்பர்கள் குடமுழுக்கு நாளில் கலசத்தை நோக்கிக் கைகூப்பும்போது, அருகே நிற்கும் தம் பிள்ளையையும் ஒருகணம் நோக்குவாராக. கோபுரம் எழுப்பியதோடு நம் கடன் முடிந்துவிடவில்லை. நாளை அக்கோபுரத்தின் கீழ் நின்று தொண்டாற்றும் பிள்ளையையும் நாமே உருவாக்குதல் வேண்டும். அப்பேறு ஈன்றோர் யாவர்க்கும் வாய்க்கத் தணிகை வேலவன் திருவருள் முன்னிற்பதாக!