கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெண்... திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி வரை வந்த லூசி வில்ஸ் யார்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு செக்கப் போகிற கர்ப்பிணிப் பெண் யாராக இருந்தாலும் கையில் ஒரு சிவப்பு மாத்திரை அட்டையோடுதான் திரும்பி வருவார். நர்ஸம்மா சத்து மாத்திரை என்று சொல்வார். சாப்பிட்டா வயிற்றைப் புரட்டுது, மலம் கறுப்பா போகுது என்று பாதிப் பேர் அதை பீரோவில் போட்டு வைத்துவிடுவதும் உண்டு. அந்த மாத்திரையில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று இரும்புச்சத்து, இன்னொன்று ஃபோலிக் அமிலம்.

இரும்புச்சத்து பற்றி எல்லோருக்கும் தெரியும். ஃபோலிக் அமிலம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதை தொடங்குவது வெளிநாட்டு லேப்பில் இல்லை. பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களின் சமையலறையில். நடுவில் அது குன்னூர் மலைக்கும் ஏறுது, சென்னை திருவல்லிக்கேணிக்கும் வருது.

யார் இந்த லூசி வில்ஸ்?

1888 மே 10-ம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தவர் லூசி வில்ஸ். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-ல் முடித்தார். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் பரீட்சை எழுதலாம், பாஸ் ஆகலாம். ஆனால் முறையான பட்டம் கிடையாது. 1948-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

அதே 1911-ல் அப்பா இறந்தார். 1913-ல் அக்கா எடித்தும் போய்விட்டார். அந்த வருஷம் அம்மாவோடு இலங்கைக்குப் பயணம், அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்கா. அங்கே இருக்கும்போதுதான் முதல் உலகப்போர் வெடித்தது. கேப் டவுனில் சில வாரங்கள் நர்ஸ் வேலையில் உதவி செய்தார். ஊர் திரும்பியதும் 1915-ல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

1920-ல் டாக்டர் ஆனபோது அவருக்கு 32 வயது. கிளினிக் போட்டு உட்காரவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் லேப் பக்கம் போனார். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் என்ன மாறுகிறது என்பதுதான் அவர் தேடிய விஷயம்.

பம்பாயில் என்ன பிரச்னை?

1920-களில் பம்பாயின் ஏழைக் குடும்பங்களில், அதிலும் ஜவுளி மில் வேலைக்குப் போகும் பெண்களிடம், கர்ப்ப காலத்தில் ஒரு கடுமையான ரத்தசோகை வந்தது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, பிரசவம் நெருங்கும்போது தாய் உயிரே போய்விடும் அளவுக்கு முற்றியது. பிரசவ மரணங்கள் பற்றி விசாரிக்க இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் ஒரு திட்டம் போட்டது. இன்றைய ஐசிஎம்ஆர் அமைப்பின் அன்றைய பெயர்தான் அது. அந்த வேலையில் இருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் அழைத்ததால் 1928-ல் லூசி பம்பாய் வந்து ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலையைத் தொடங்கினார்.

இந்த ரத்தசோகையில் ஒரு விசித்திரம் இருந்தது. சாதாரணமாக இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சின்னதாகும். இங்கே உல்டா. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன, எண்ணிக்கை மட்டும் கிடுகிடுவெனக் குறைந்திருந்தது.

காரணம் என்னவென்று இன்று நமக்குத் தெரியும். ஒரு செல் இரண்டாகப் பிரிய டிஎன்ஏ-வை நகல் எடுக்க வேண்டும், அதற்கு ஃபோலேட் தேவை. அது இல்லாவிட்டால் செல் வளரும், ஆனால் பிரிய முடியாது. இட்லி மாவு பொங்கி வழியுது, குழியில் பிரித்து ஊற்றத்தான் ஆள் இல்லை என்கிற மாதிரி. இது எதுவும் 1928-ல் யாருக்கும் தெரியாது.

அப்போது மேலை நாடுகளில் பெர்னிஷியஸ் அனீமியா என்ற நோய் பிரபலம். அதிலும் சிவப்பணுக்கள் பெரிதாகும். ஈரலைச் சாப்பிடக் கொடுத்தால் குணமாகும் என்று 1926-ல்தான் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி இருவரும் காட்டியிருந்தார்கள். பம்பாய் நோயும் அதேதானா? லூசிக்கு சந்தேகம். பெர்னிஷியஸ் அனீமியா நோயாளியின் வயிற்றில் அமிலம் சுரக்காது. பம்பாய்ப் பெண்களிடம் அந்தக் கோளாறு இல்லை. அப்படியென்றால் நோய் வேறு.

அடுப்படி வரை போன ஆராய்ச்சி

லேப்பில் ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அவர் இருந்துவிடவில்லை. கிருமித் தொற்றா என்ற கோணத்திலும் தேடினார். கூடவே பம்பாய்ப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த மாதிரி இடத்தில் வாழ்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பும் நடந்தது. மேத்தா, தல்படே என்ற இந்திய ஆராய்ச்சியாளர்களும் அவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1930-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தன.

கணக்கெடுப்பில் தெரிந்தது இதுதான். வெவ்வேறு பிரிவுப் பெண்களின் சாப்பாட்டையும் ரத்தசோகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று போனது. ஏழை முஸ்லிம் பெண்களின் தட்டில்தான் சத்து மிகக் குறைவு. காய், பழம், பால் எல்லாம் அபூர்வம். நோயும் அவர்களிடம்தான் அதிகம். மதத்துக்கோ ரத்த வம்சத்துக்கோ இதில் வேலையில்லை, தட்டில் என்ன விழுகிறது என்பதே விஷயம். வெப்ப நாட்டு நோய் என்று ஒரு பெயர் வைத்துவிட்டு நகர்ந்துபோவது அன்று மிகச் சுலபம். அவர் நகரவில்லை.

அடுத்து எலிகள். அந்த ஏழைப் பெண்கள் சாப்பிடுவது போன்ற உணவையே கர்ப்பமான வெள்ளை எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் ரத்தசோகை வந்தது. குட்டி போடும் முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் தப்பித்தன. பிறகுதான் தெரிந்தது, எலிகளின் பேன் வழியாகப் பரவிய ஒரு கிருமியும் அந்த ரத்தசோகைக்குக் கூட்டாளி என்று. ஆக எலி சோதனை முழுசாகக் கைகொடுக்கவில்லை. சரி, குரங்கைப் பார்ப்போம் என்று ரீசஸ் குரங்குகளுக்கு மாறினார்.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி வேலை பார்த்தது நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில். அங்கே ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் மெக்காரிசன். அவர் வளர்த்த அந்த ஆய்வகம்தான் பின்னாளில் ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

1931 தொடக்கத்தில் அவர் சென்னையில். இடம், திருவல்லிக்கேணியில் அன்று கேஸ்ட் அண்ட் கோஷா என்று அழைக்கப்பட்ட மருத்துவமனை. இன்றைய அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் இந்த முழுப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார், கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். ஆண் டாக்டரிடம் காட்ட முடியாத, திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்காக 1885-ல் மேரி ஷார்லீப் முயற்சியில் வந்த மருத்துவமனை அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்த முதல் பெண் மாணவிகளில் ஒருவர் ஷார்லீப். அதன்பிறகு அவர் போய்ப் படித்தது லூசி படித்த அதே லண்டன் பெண்கள் கல்லூரியில்.

ரொட்டியில் தடவும் மார்மைட் மருந்தானது எப்படி?

பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் கறுப்பான, உப்பான பசைதான் மார்மைட். இலங்கைத் தமிழர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம், அங்கே பல வீடுகளில் ஒரு பாட்டில் இருக்கும். ஈஸ்ட்டில் பி வைட்டமின்கள் அதிகம் என்பது அன்றே தெரியும். ரத்தசோகை வந்த ஒரு குரங்குக்கு லூசி மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். குரங்கு தேறியது.

பம்பாயில் படுத்த படுக்கையாக இருந்த பெண்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே ரத்தத்தில் புதிய இளம் சிவப்பணுக்கள் கூடத் தொடங்கின. ஈரல் சாறு வாங்க பணம் வேண்டும், மார்மைட் விலை குறைவு. கூடவே, ஈரல் சாப்பிடாத நோயாளிக்கும் கொடுக்கலாம். இந்த முடிவுகளை 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்.

ஆனால் மார்மைட்டுக்குள் குணப்படுத்துவது எது? அது பிடிபடவில்லை. 1937-38-ல் மறுபடி பம்பாய் வந்து பார்பரா எவன்ஸுடன் செய்த ஆய்வில் ஒரு முக்கியமான துப்பு கிடைத்தது. சுத்திகரிக்காத ஈரல் சாறு கொடுத்தால் இந்தப் பெண்கள் தேறுகிறார்கள். நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு பெர்னிஷியஸ் அனீமியாவைக் குணமாக்குகிறது, இவர்களிடம் மட்டும் வேலை செய்வதில்லை. அப்படியென்றால் சுத்திகரிக்கும்போது வெளியே போய்விடும் வேறு ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும். அதற்கு வில்ஸ் காரணி என்று பெயர் விழுந்தது. சுத்தமான சாற்றில் இருந்தது பி12 என்பது எல்லாம் பிறகு தெரிந்த கதை.

நாலு டன் கீரை, ஒரு ஆந்திரத்துக்காரர்

1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நாலு டன் பாலக்கீரையிலிருந்து ஒரு பொருளைத் துளியாகப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர், அதனால் ஃபோலிக் அமிலம். அடுத்த சில வருஷங்களில் லெடர்லே நிறுவனம் அதைச் செயற்கையாகவே தயாரித்தது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காதி துணியில் அறுவை சிகிச்சை அங்கி போட்டு ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்தவர். லூசி தேடிய பொருள் இதுதான் என்பது அதன்பிறகு உறுதியானது.

இதில் ஒரு நெருடலான விஷயமும் உண்டு. ரத்தம் கொடுத்தவர்கள், மார்மைட் சாப்பிட்டுத் தேறியவர்கள், தேறாமலே போனவர்கள் என்று எத்தனையோ பெண்கள். அவர்கள் பெயரில் எந்தக் காரணியும் இல்லை.

போர்க்காலத்தில் லூசி லண்டனில் லேப் வேலையைத் தொடர்ந்தார். 1947-ல் ராயல் ஃப்ரீயிலிருந்து ஓய்வு. அப்புறமும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஊட்டச்சத்து ஆய்வு செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குப் போக கார் இல்லை, சைக்கிள்தான். கடைசி பத்தாண்டில் லண்டன் செல்சியில் தொழிலாளர் கட்சி கவுன்சிலராகவும் இருந்தார். 1964 ஏப்ரல் 16-ல், 75 வயதில் மறைந்தார். 2019 மே 10 அன்று கூகுள் முகப்பில் அவர் படம் வந்தபோதுதான் நிறையப் பேர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

அவர் பார்க்காமல் போன ஒன்று

1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. முதல் குழந்தைக்கு முதுகுத்தண்டு அல்லது மூளை சரியாக மூடாத பிறவிக் குறைபாடு இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தாய்க்கு தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். அந்தக் குறை மறுபடி வரும் அபாயம் 72 சதவீதம் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நேரம். கருவின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு தாம் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். எவ்வளவு, எப்போதிலிருந்து என்பதை அவர்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பி12 குறைபாடு இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தம் சரியாகிவிட்ட மாதிரி காட்டும், உள்ளே நரம்பு பாதிப்பு தொடரும்.

இந்திய அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்கு இன்று தரப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காவது மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த மாத்திரை கோஷா ஆஸ்பத்திரியிலும் இலவசம்தான்.