பச்சையப்பர் உயிலில் இல்லாத வரி

பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கினார்கள். நான்கு அவர்களுக்கு, ஐந்தாவது தருமத்துக்கு. அந்தப் பங்கில் வளர்ந்த பள்ளியையும் கல்லூரிகளையும் மருத்துவமனையையும் கோவை வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இதற்கும் மூத்த கொடை ஒன்று உண்டு. அதைக் கொடுத்த பச்சையப்ப முதலியாரின் கதையை நம் மாணவர்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1754-இல் பிறந்தவர் அவர். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார். நிராதரவாக நின்ற தாய்க்குச் சென்னையில் அடைக்கலம் தந்தவர் நாராயண பிள்ளை என்ற துபாஷி. வெள்ளைக்காரருக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேச்சையும் கணக்கையும் முடித்துக் கொடுப்பதுதான் துபாஷி வேலை. அவரிடம் தொழில் பழகிய பச்சையப்பர் இளவயதிலேயே பெரும் பணம் சேர்த்தார். 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அதே ஆண்டு, நாற்பது வயதில் இறந்தார்.

உயிலில் பணத்தின் பெரும்பகுதி கோயில் கட்டளைகளுக்கும் அன்னதானத்துக்கும். ஆனால் பொறுப்பேற்றவர்களின் சண்டையில் தருமம் முடங்கியது. வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால்தான் பணம் மீண்டது. அதற்குள் வட்டி சேர்ந்து தொகை பெருகியிருந்தது. கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதில் 1842-இல் சென்னையில் பள்ளி தொடங்கினார்கள். அதுவே பின்னால் பச்சையப்பன் கல்லூரி. முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழித்தால் கொடை சாகாது. ஊற்றைக் கெடுக்காமல் கிணறு இறைப்பது போலத்தான். கணித மேதை ராமானுஜனும் அண்ணாவும் படித்த கல்லூரி அது.

அந்தக் கிணற்றில் நம்மவர் இறைக்க முடிந்ததா? நூறாண்டுக்கு முன்பு, 1920-களிலும்கூட, ஆதிதிராவிட மாணவருக்கு அங்கே கதவு சாத்தியே கிடந்தது. இந்துக்களுக்கான தருமம் என்றார்கள். அந்த இந்துக்களில் சேரிப் பிள்ளைகள் சேரவில்லை! எம்.சி.ராஜா இதைக் கண்டித்து எழுதினார். அவரே படித்தது மிஷனரிமார் நடத்திய கல்லூரிகளில்தான். நம்மவர் விடாமல் கேட்ட பிறகே கதவு திறந்தது.

செத்துப்போனவரை இதற்குக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அவர் உயிலில் கல்லூரியே கிடையாது. அவர் பணத்தில் கல்லூரி கட்டியவர்கள்தான் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்தார்கள். சாதி புகுந்தது அந்த இடத்தில்.

ஐந்தாம் பங்கு பிரிவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1924-இல், பீளமேட்டில் அதே குடும்பம் ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. பெயர் சர்வஜன பள்ளி. சர்வஜனம் என்றால் எல்லா மக்களும். வெறும் பெயர்தானே என்று சிலர் நினைக்கலாம். வாசலில் எழுதி வைத்த சொல்லைக் காட்டி உரிமை கேட்க முடியும். இன்று பள்ளிக்கு நிலம் எழுதி வைக்கிற நம் ஊர்ப் பெரியவர்கள் பத்திரத்திலேயே, சாதி பாராமல் எல்லார்க்கும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். பதிவு செய்யும் முன் அந்த வரி இருக்கிறதா என்று நாமும் கேட்டுப் பார்ப்போம்.