யான் வான் எய்க்

யான் வான் எய்க் (சுமார் 1390 – 1441) இன்றைய பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் பணியாற்றிய ஓவியர் ஆவார். தொடக்க கால நெதர்லாந்து ஓவியப் பாணியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் இவரே என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அது சரியன்று என்பது இன்று தெளிவாகியுள்ளது. எனினும் நிறமித் துகள்களை எண்ணெயில் சீராக நிலைநிறுத்தி, மெல்லிய படலங்களாக அடுக்கித் தீட்டும் முறையை இவர் மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றார். இவருடையவை என ஏற்கப்படும் ஓவியங்களுள் ஏறத்தாழ 20 மட்டுமே எஞ்சியுள்ளன.

வாழ்க்கை

இவர் மாஸ் ஆற்றங்கரையில் உள்ள மாசெய்க் என்னும் ஊரில் பிறந்தவராகக் கருதப்படுகிறார். இவருடைய தமையனார் ஊபர்ட் வான் எய்க்கும் ஓவியரே. 1422 முதல் யான், டென் ஹாக் நகரில் ஒல்லாந்தை ஆண்ட பவேரியாவின் யோவானிடம் பணிபுரிந்தார். 1425 சனவரியில் யோவான் இறந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் பர்கண்டிக் கோமகன் மூன்றாம் பிலிப்பு இவரைத் தமது அரண்மனை ஓவியராகவும் அணுக்கப் பணியாளராகவும் அமர்த்தினார்.

கோமகன் இவரைத் தொலைவான இடங்களுக்கு மறைமுகப் பணிகளுக்காகவும் அனுப்பினார். 1428 இல் போர்த்துகல் சென்ற தூதுக்குழுவில் இவர் இடம்பெற்றார். பிலிப்பு மணக்கவிருந்த இளவரசி இசபெல்லாவின் உருவத்தை அங்கு இருமுறை வரைந்து அனுப்பினார். அவ்வோவியங்கள் இன்று இல்லை. நாடு திரும்பிய பின் புரூஜ் நகரில் வீடு வாங்கிக் குடியேறினார். மனைவி மார்கரெட்டின் உருவத்தை 1439 இல் வரைந்தார்.

1435 இல் லில் நகரக் கணக்கு அலுவலர்கள் இவருக்குரிய வாழ்நாள் ஊதியத்தைப் பதிவு செய்யத் தயங்கினர். பிலிப்பு அவர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். கலையிலும் அறிவிலும் இவருக்கு இணையானவரைக் காண இயலாது என்பது அக்கடிதத்தின் சாரம். இவர் 1441 இல் புரூஜில் காலமானார்.

எண்ணெயும் நிறமியும்

நிறமி எண்ணெயில் கரைவதில்லை. நுண்ணிய துகள்களாகவே அதனுள் நிற்கிறது. இத்துகள்கள் எண்ணெயைவிட மிகக் கனமானவை. ஈய வெள்ளை நீரைப்போல் 6 மடங்குக்கு மேலும், சாதிலிங்கம் ஏறத்தாழ 8 மடங்கும் அடர்த்தி உடையவை; எண்ணெயோ நீரைவிட இலேசானது. எனவே நீர்த்த எண்ணெயில் விடப்படும் நிறமி அடியில் படிந்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகவும் கூடும். அத்தகைய வண்ணம் ஓரிடத்தில் அடர்ந்தும் மற்றோரிடத்தில் வெளிறியும் தெரியும்.

அக்கால ஓவியப் பட்டறைகளில் நிறமியையும் எண்ணெயையும் வழவழப்பான கற்பலகையில் இட்டுக் குழவியால் நெடுநேரம் அரைத்தனர். துகள்களை உடைப்பது மட்டும் இதன் நோக்கமன்று. கட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு துகளையும் எண்ணெய் சூழ்ந்துகொள்ளச் செய்வதே முதன்மையான நோக்கம். இவ்வாறு அரைத்த கெட்டியான விழுதில் துகள்கள் நெருங்கி இருப்பதால் எளிதில் படிவதில்லை. காய்ச்சிய எண்ணெய் பச்சை எண்ணெயைவிடப் பிசுபிசுப்பு மிக்கது. அதில் துகள்கள் இறங்குவது மேலும் மெதுவாகும்.

எல்லா நிறமிகளையும் ஒரே அளவுக்கு அரைக்க இயலாது. அசுரைட் என்னும் நீலக் கனிமத்தை மிக நுண்ணியதாக அரைத்தால் அதன் நிறம் வெளிறிவிடும். பருமனாக விட்டாலோ எண்ணெயில் பரப்புவது கடினமாகும். கெண்ட் பீட ஓவியத்தில் மரியாளின் நீல ஆடைக்கு அடியில் அசுரைட்டும், அதன்மேல் விலையுயர்ந்த அல்ட்ராமரைன் நீலமும் தீட்டப்பட்டுள்ளன. அல்ட்ராமரைன், லேபிஸ் லசூலி என்னும் கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

ஆளிவிதை எண்ணெய் உலரும்போது நீரைப்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத் திண்மப் படலமாகிறது. அப்போது துகள்கள் இருந்த இடத்திலேயே நிலைபெறுகின்றன. ஈயச் சேர்மங்கள் இவ்வுலர்தலை விரைவுபடுத்தும். முட்டைக் கருவில் குழைத்த டெம்பரா வண்ணம் விரைவில் உலர்ந்துவிடுவதால் நிறங்களை ஒன்றோடொன்று இழைப்பது அரிது. எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால் இது எளிதாகிறது. மேலும், ஒளி ஊடுருவும் சிவப்பு, பச்சைப் படலங்களைக் கடந்து கீழுள்ள வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியே, வான் எய்க்கின் ஓவியங்கள் உள்ளிருந்து ஒளிர்வது போன்ற தோற்றத்தைத் தருகிறது.

கண்டுபிடிப்பாளர் என்னும் கதை

இத்தாலிய எழுத்தாளர் வசாரி 1550 இல் வெளியிட்ட நூலில் பின்வரும் கதை காணப்படுகிறது. மெருகெண்ணெய் பூசி வெயிலில் உலர்த்திய ஓவியப் பலகை ஒன்று பிளந்துவிட்டது. அதனால் நிழலிலேயே உலரும் எண்ணெயைத் தேடிய வான் எய்க், ஆளிவிதை எண்ணெயையும் அக்ரூட் எண்ணெயையும் கண்டறிந்தார். இவரிடமிருந்து அன்டோனெல்லோ டா மெசினா இக்கலையைக் கற்று இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்றும் வசாரி எழுதினார். வான் எய்க் இறந்தபோது அன்டோனெல்லோ சிறுவராகவே இருந்தார்.

12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோபிலசு என்னும் துறவியின் நூலிலேயே எண்ணெயில் நிறமியை அரைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. செருமானிய அறிஞர் லெசிங் 1774 இல் இதை எடுத்துக்காட்டி வசாரியின் கூற்றை மறுத்தார். ஆப்கானித்தானின் பாமியான் குகைகளில் 7 ஆம் நூற்றாண்டு அளவில் எண்ணெய் வண்ணம் பயன்பட்டதை ஆய்வாளர்கள் 2008 இல் அறிவித்தனர்.

முக்கிய ஓவியங்கள்

கெண்ட் நகரின் புனித பாவோ பேராலயத்தில் உள்ள பீட ஓவியம் இவருடைய படைப்புகளுள் மிகப் பெரியது. ஊபர்ட் தொடங்கிய இதனை, அவர் 1426 இல் இறந்த பின் யான் 1432 இல் நிறைவு செய்தார். இதன் பலகைகளுள் ஒன்று 1934 இல் திருடப்பட்டது, அது மீட்கப்படவில்லை. 2012 இல் தொடங்கிய சீரமைப்பில் பிற்காலத்தவர் மேலே பூசிய வண்ணங்கள் அகற்றப்பட்டன. அவற்றின் அடியில் மூல வண்ணப் படலங்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன.

சிவப்புத் தலைப்பாகை அணிந்த மனிதர் (1433), அர்னோல்பினி உருவப்படம் (1434) ஆகியவை இலண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் உள்ளன. வான் டெர் பாலெயுடன் கன்னி மரியாள் (1436) புரூஜ் நகரில் உள்ளது. வான் எய்க் எண்ணெய் வண்ணத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் அல்லர். அதனுள் நிறமியை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதை ஆழ்ந்து அறிந்தவர் என்பதற்கு, ஏறத்தாழ 600 ஆண்டுகளாக நிறம் மங்காதிருக்கும் இவ்வோவியங்கள் சான்றாகின்றன.